லாயத்தில் ஒரு சாய்வு நாற்காலி

இந்த ஒரு தடவையாவது மனைவியை ஜெயித்துவிடுவது என்று லையோனல் ஆர்க்ரைட் முடிவு செய்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒத்திப்போட்டு வந்த முடிவு அது.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் அவர்கள் குடியிருந்த வீடு, விக்டோரியா ராணி காலத்துக் குதிரை லாயம். கோச்சு வண்டி நின்ற கொட்டகை கூடமாகிவிட்டது. வைக்கோல் பரண் படுக்கையறையாகிவிட்டது. கோடியில் குதிரை கட்டிய கொட்டடி மட்டும் பழையபடியே இருந்தது. நீலச் செங்கல் தரை, நடுவே குதிரை மூத்திரம் ஓட வாய்க்கால், சுவரோரம் இரும்புத் தீவனத் தொட்டி. வாய்க்கால்மேல் கம்பளம் விரித்து, சாய்வு நாற்காலி போட்டு, தொட்டியில் பிஸ்கட்டை நிரப்பி, லையோனல் அங்கேதான் கிரிக்கெட் வர்ணனை கேட்பார். அவருக்கென்று இருந்தது அந்த ஓர் இடம்தான். ஹெஸ்டர் ஒரு குதிரை வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம், "கட்ட இடம் ஏது?" என்று அங்கே உட்கார்ந்துதான் பதில் சொல்வார்.

ஒரு காலை, டோஸ்ட்டில் மார்மலேட் தடவிக்கொண்டே ஹெஸ்டர் ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தக் கொட்டடித் தடுப்பை இடிச்சுடலாம்னு இருக்கேன். சமையலறை பெருசாகும்."

"என் நாற்காலி?"

"அதுக்கு நாலு கால் இருக்கு. எங்க வேணா நிக்கும்."

"ஓக் பலகை, வார்ப்பிரும்புத் தூண். அதைப் போயி இடிப்பாங்களா?"

"யாரு தடுக்கப்போறா? நீங்களா?"

அந்த 'நீங்களா' சுருக்கென்று தைத்தது. அவளுக்குத் தெரியாமல் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய், கையோடு அங்கிருந்த அதிகாரி திருமதி பீச்சமை அழைத்து வந்தார். அந்த ஊரில் பழசு என்றால் மனுஷரைத் தவிர எல்லாவற்றுக்கும் மரியாதை உண்டு. பீச்சம் அம்மாள் தூணைத் தட்டினாள், தொட்டியைத் தடவினாள்.

"அபூர்வம். இனிமே இதுல ஒரு ஆணியைப் பிடுங்கணும்னாலும் எங்களைக் கேக்கணும்."

லையோனல் மீசையை நீவிக்கொண்டார். ஹெஸ்டருக்குக் கோபமே வரவில்லை. வந்தவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

"ஒரு சந்தேகம்மா," என்றாள் ஹெஸ்டர். "லாயத்தை லாயமா வெச்சுக்க அனுமதி வேணுமா?"

"கட்டினதே அதுக்குத்தானே. தாராளமா வெச்சுக்குங்க." பீச்சம் அம்மாள் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "வாய்க்காலை யாரு மூடினது?"

லையோனல் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தார்.

சனிக்கிழமை அவர் கடைத்தெருவிலிருந்து திரும்பினபோது, நாற்காலி முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கொட்டடியில் ஒரு குண்டு சாம்பல் மட்டக்குதிரை, தொட்டியில் இருந்த பிஸ்கட்டை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

"ஹெஸ்டர், தடுப்பை இடிக்கப்போறேன்னுதானே சொன்னே?"

"இடிச்சா குதிரையை எங்க கட்றது?"

லையோனலுக்கு விஷயம் மெதுவாக உறைத்தது. நனைகிற நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"அதையும் பீச்சம் அம்மாகிட்ட கேட்டுட்டேன். குதிரைக்கு அனுமதி வேண்டாமாம். உங்களுக்குத்தான் வேணுமாம்."