கொச்சிக்கடைப் புறா சொன்ன புத்திமதி

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசை முடிந்த கையோடு.

அன்புத் தங்கச்சி மேபலுக்கு,

மெல்பேர்னில் நீயும் மருமக்களும் தேவகிருபையால் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கூடப்பிறந்தவளுக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. வாட்ஸ்அப் இருக்க இந்த மனுசன் ஏன் முத்திரை ஒட்டுகிறான் என்று யோசிப்பாய். குடும்பக் குழுவில் போட்டால் நீ வாசிக்க முதல் என் மனுசி றெஜினா வாசித்துவிடுவாள். இது அவளுக்குத் தெரியவே கூடாது.

விஷயம் இதுதான். என்னுடைய இடது கால் சின்ன விரலில் ஒரு புண். புதுச் சப்பாத்து கடித்தது. சீனி வருத்தக்காரனுக்குக் காலில் புண் வந்தால் என்ன என்று எங்கள் வீட்டுக்குத் தெரியாததா? அப்பா விரலைக் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனவர்; திரும்பி வரும்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. எனக்குப் பயம், மேபல். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், சரியான பயம். அதோடு ஜூனில் அந்தோனியார் திருநாள் வருகிறது. சொரூபம் தூக்கும் ஆட்களில் நானும் ஒருவன். காலைக் கண்டால் றெஜினா என்னைக் கட்டிலோடு கட்டிப்போடுவாள். ஆகையால் வீட்டுக்குள்ளும் சொக்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறேன். ஏன் என்று கேட்டவளுக்குக் குளிருது என்றேன். கொழும்பில், ஏப்ரல் மாதத்தில்.

டொக்டரிடம் சொல்லவில்லையா என்று கேட்பாய். பொரளை ஆஸ்பத்திரியில் காசு கட்டி நம்பர் எடுத்து, சனல் பண்ணிப் போனேன். இவ்வளவு காலமும் அந்த மனுசன் என் முகத்தைப் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டே எப்படி என்பார், நான் நல்லம் டொக்டர் என்பேன், அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவ்வளவு பெரிய மனுசனிடம் போய்ச் சுகமில்லை என்று சொல்லுவது மரியாதையா, நீயே சொல்லு. ஆனால் யாரோ ஒரு நோயாளி, டொக்டர்மார் எங்களைக் கதைக்க விடுவதில்லை என்று பேஸ்புக்கில் வீடியோ போட்டு, அது ஊரெல்லாம் சுற்றி, ஆஸ்பத்திரிக்காரர் பயந்துபோய் டொக்டர்மாருக்கு வகுப்பு வைத்திருக்கிறார்களாம். நான் உள்ளே போனதும் அவர் பேனாவை மூடினார். கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்தார். என் கண்ணையே பார்த்துக்கொண்டு, தமிழில் வேறு, "சொல்லுங்கோ மிஸ்டர் ஸ்ரனிஸ்லாஸ், நான் கேக்கிறன்" என்றார். ஒரு டொக்டர் இவ்வளவு அன்பாகப் பார்த்தால் எனக்கு நாள் குறித்தாயிற்று என்றுதானே அர்த்தம்? நல்லம் டொக்டர் என்று சொல்லி, பேச்சை மாற்ற அவருடைய பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, அவருக்குத்தான் நித்திரை காணாது என்று கண்டுபிடித்து, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன். பாவம், மனுசனின் கண் கலங்கிப்போயிற்று. என்னுடைய புண் சொக்ஸுக்குள் இருந்தபடியே வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் பேஸ்புக்கில் "சீனிக்காரர் சபை" என்ற குழுவில் சேர்ந்தேன். வருத்தக்காரர் வருத்தக்காரருக்குச் சொல்லும் இடம். சொந்தப் பெயர் தேவையில்லை. அங்கே என் பெயர் "கொச்சிக்கடைப் புறா". என் புண்ணைப் பற்றி மெல்லக் கேட்கத்தான் போனேன், ஆனால் யாரோ ஒருவருக்கு இரண்டு வரி பதில் போட்டதும் எல்லாரும் என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பாவற்காய்ச் சாறு குடிக்கலாமோ, கிரிபத் பாற்சோறு ஒரு துண்டு தின்னலாமோ என்று ஒரே கேள்வி. எல்லாருக்கும் நான் சொல்லுவது ஒன்றுதான்: ஒளிக்காமல் டொக்டரிட்டச் சொல்லுங்கோ. இப்போது புறா அண்ணையைக் கேட்காமல் அங்கே ஒருவரும் குளிசை விழுங்குவதில்லை.

உலகத்தில் என்னென்ன மனுசர் இருக்கிறார்கள் தெரியுமோ? "மெழுகுதிரி" என்று ஒரு பெண்பிள்ளை நேற்று எழுதியிருந்தாள். அவளுடைய மனுசன் காலில் எதையோ ஒளிக்கிறானாம். நொண்டுகிறானாம், கேட்டால் பாய்கிறானாம், படுக்கையிலும் சொக்ஸாம். பாவம், தேவாலயத்தில் அழுதுவிட்டு வந்து எழுதுகிறாள். எனக்கு வந்ததே ஒரு கோபம். உடனே போட்டேன்: "தங்கச்சி, அந்த மனுசனுக்குப் புத்தி முழங்காலுக்குக் கீழ இறங்கிப்போச்சு. அவரைக் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. நித்திரையில சொக்ஸைக் கழற்றிப் பாருங்கோ, புண்ணெண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போங்கோ. பிந்தினால் விரல் மட்டுமில்ல, காலும் போகும்." சபை முழுக்கக் கைதட்டல். நான் அந்தப் பதிலைப் போடும்போது றெஜினா சோபாவில் இருந்து ஃபோனில் செபமாலை கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த உலகம் ஒன்றும் தெரியாது.

ஆகையால் மேபல், திருநாள் முடியும்வரை என் காலை ஒருவருக்கும் காட்டப்போவதில்லை. நீயும் வாய் திறவாதே. மருமக்களின் தலையில் என் பேரால் சிலுவை போட்டுவிடு. மச்சானைக் கேட்டதாகச் சொல்லு. தேவமாதா உங்கள் வீட்டுப் படியை விட்டு இறங்காமல் இருப்பாளாக.

உன் அண்ணன்,
ஸ்ரனிஸ்லாஸ்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு மத்தியானம் கொஞ்சம் சரிந்தேன். முழிக்கும்போது காலில் சொக்ஸ் இல்லை. கால்மாட்டில் றெஜினா அழுதுகொண்டிருந்தாள். எந்த மடையன் உனக்கு இதைச் சொல்லித் தந்தவன் என்று கத்தினேன். ஃபோனை நீட்டினாள். வாசித்துவிட்டு, நான்தான் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு நாளும் நான் கேட்டனான், ஒரு சொல்லும் வரேல்ல. ஆரோ ஒரு புறாவைக் கேட்டவுடன பந்தி பந்தியா வந்துது" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இதை ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். டொக்டர் பார்த்துவிட்டார். விரல் தப்புமாம், புண்ணை வெட்டித் துப்புரவாக்க வேண்டுமாம். சொரூபம் தூக்குவதை மறக்கச் சொன்னார். கூப்பிடும்வரை வெளியே இருக்கிறோம். றெஜினா பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, என்னைத் திரும்பியும் பார்க்காமல், இப்போதுதான் சபையில் கேட்டிருக்கிறாள்: "புறா அண்ணை, என்ட மனுசன் உள்ள போகப் பயப்பிடுறாரோ?"

ஓம் என்று போட்டேன்.