தண்ணீருக்குச் சாட்சி சொன்னவன்

இனிமேல் மனைவி என்ன சொன்னாலும் "சரி" என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். பயந்து அல்ல. பயந்து சொன்ன சரிகள் ஏற்கெனவே ஏராளம். இது உள்ளே கத்தி வைத்த சரி.

விஷயம் இதுதான். என் மாமனார் போகும்போது ஆற்றோரத்தில் ஒரு துண்டு நிலத்தை மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். வாடகை வீட்டை விட்டுவிட்டு அங்கே சொந்தமாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இவளுக்கு ஆசை. எனக்கோ தண்ணீர் என்றால் நடுக்கம். தலைக்குக் குளிக்கும்போதுகூட ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்வேன். தண்ணீருக்கு அடுத்தபடி உயரம். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது அவள் வேலை. நாற்காலியைப் பிடித்துக்கொள்வது என் வேலை, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. இத்தனைக்கும் நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஊரார் பயத்தை விற்றுப் பிழைக்கிறேன். என் பயத்தை வாங்கத்தான் ஆளில்லை.

"ஆறு பொங்கினா என்ன பண்றது?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வடியும்."

"வடியறதுக்குள்ள நாம?"

"நாமளும் கொஞ்சம் பொறுமையா இருக்கணும்."

இவளோடு வாதாடி என்னால் ஜெயிக்க முடியாது. அரசாங்கத்தால் முடியும். வெள்ளம் பாய்கிற நிலத்தில் செங்கல் வைக்கவேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். அதிகாரி வருவார், பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். பழி அவருக்கு, நிம்மதி எனக்கு. மனுவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்களாங்க இது!" என்று அவள் பூரித்துப் போனாள். பூரித்த முகத்தைப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

அதிகாரி ஒரு மூட்டமான காலையில் ஜீப்பில் வந்தார். முழங்கால்வரை பூட்ஸ். கையில் அவரைவிட உயரமான அளவுகோல். மேற்கே எங்கோ நல்ல மழை போலிருக்கிறது. ஆறு பழுப்பாக, உறுமிக்கொண்டு ஓடியது. ஒரு முழு மரம் வேரோடு மிதந்துபோனது. போகிற போக்கில் அது என்னைத் திரும்பிப் பார்த்ததாகவே பட்டது.

"இந்த இடத்துக்குப் பழைய வெள்ள அளவு எங்ககிட்ட இல்ல. கடைசியா வந்த பெரிய வெள்ளத்தை நேர்ல பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?"

"நான் பார்த்தேன் சார்!"

பார்க்கவில்லை. அந்த வெள்ளத்தின்போது நான் ஊருக்குள்ளே, கட்டிலுக்கு மேலே, போர்வைக்குக் கீழே இருந்தேன்.

"எதுவரைக்கும் வந்துச்சு?"

"இடுப்பு வரைக்கும்."

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். போர்வையை எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள். "இடுப்புதானா?"

"நெ... நெஞ்சு."

"கழுத்துன்னு சொன்னதா ஞாபகம்."

நான் அப்படிச் சொன்னதே கிடையாது! ஆனால் தன் வீட்டுக்குத் தானே குழி வெட்டுகிறாளே, பாவம், நாம் ஏன் மண்வெட்டியைப் பிடுங்க வேண்டும்?

"ஆமா சார், கழுத்து!"

"யார் கழுத்து? உங்களதா, உயரமானவங்களதா?" என்றார் அதிகாரி.

"என் தலைக்கே மேல சார். கையைத் தூக்கினேன். விரல் மட்டும்தான் வெளியே தெரிஞ்சுது."

"அப்புறம் எப்படித் தப்பிச்சீங்க?"

"பாலிசி எடுத்திருந்தேன் சார்." வாய்ப் பழக்கம்.

கையைத் தூக்கி நிற்கச் சொல்லி, பக்கத்தில் அளவுகோலை நட்டார். பிடிபட்ட திருடன் மாதிரி நின்றேன். அப்போது கணுக்காலில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தேன். ஆறு! நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே சத்தமில்லாமல் புல்லுக்குள் புகுந்து வந்திருந்தது. அடுத்த நொடி நான் ஜீப்பின் கூரைமேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. இறங்கத் தெரியாது என்பது மட்டும் ஏறியதும் தெரிந்தது. மனைவிதான் காலைப் பிடித்து, "கண்ணைத் திறக்காதீங்க, காலை மட்டும் வைங்க" என்று இறக்கினாள்.

அதிகாரி நான் சொன்னதை எழுதி, கையெழுத்துக் கேட்டார்.

"சார், சும்மா கேக்கறேன். சாட்சி தப்பா இருந்தா?"

"ஜெயில்."

போட்டேன். கையெழுத்தே மிதந்தது.

அதற்கப்புறம் எனக்கு வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டால் ஆகாது, உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டால் ஆகாது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து இருவரையும் கூப்பிட்டார்கள். போலீஸ் நிற்கிறதா என்று கதவிடுக்கில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"அனுமதி கொடுத்தாச்சு," என்றார் அதிகாரி.

"எதுக்கு?"

"வீடு கட்ட."

"ஆளே முழுகற இடம் சார்!"

"தண்ணி போற வழியை மறிச்சுக் கட்டத்தான் கூடாது. மண்ணைக் கொட்டி மேடாக்கவும் கூடாது. தூண் நிறுத்தி, கீழே காலியா விட்டு, மேலே கட்டலாம். தரை நீங்க காட்டின விரலுக்கு மேல இருக்கணும். அவ்வளவுதான்."

மனைவி பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தாள். உயரமான தூண்கள், வெளிப்புறமாகப் படிக்கட்டு, ஆற்றைப் பார்த்தபடி பால்கனி. எல்லாம் எப்போதோ போட்டு முடித்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முன்னாடியே இங்க வந்து விசாரிச்சாச்சு. மாடி வீடு வேணும்னு கேட்டா விடுவீங்களா? அதான் உங்களையே அளந்து காட்ட விட்டேன்."

தண்ணீருக்குப் பயந்த குற்றத்துக்கு எனக்கு உயரத் தண்டனை. கட்டினோம், குடிபோனோம். படிக்கட்டில் நான் உட்கார்ந்தபடியே ஏறி உட்கார்ந்தபடியே இறங்கினேன்.

அடுத்த மழைக்காலத்தில் வெள்ளம் நிஜமாகவே வந்தது. தரைக்குக் கீழே அது உரசிக்கொண்டு ஓடுவது கட்டில் கால் வழியாக எனக்குக் கேட்டது. தாழ்வான வயல்களில் இருந்தவர்கள் குழந்தைகளும் கோழிகளுமாக எங்கள் மாடியில் ஏறிக்கொண்டார்கள். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன முன்யோசனை!" என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் போர்வைக்குள்ளிருந்து தலையாட்டினேன். குழந்தைகள் சிரித்ததைக் கேட்டபோது, அந்த நடுக்கத்திலும், இவள் செய்தது சரிதான் என்று தோன்றிவிட்டது.

அதிகாரி படகில் வந்து எங்கள் படிக்கட்டில் கயிற்றைக் கட்டினார். நான் விரல் காட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றிருந்தது. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கீழ்ப்பக்கம் நிறையப் பேர் அனுமதி கேட்டிருக்காங்க சார். உங்களை மாதிரி நேர்ல பார்த்த சாட்சி எனக்கு வேற யாரும் கிடைக்கல. படகுல வந்து அங்கேயும் அளவு காட்டணும்."

உண்மையைச் சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் ஆறு. ஜெயில் எவ்வளவோ மேல் என்று முடிவு செய்து வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி படகிலிருந்த மிதவைச் சட்டையை என் தலைவழியே மாட்டி, இடுப்புக் கயிற்றை இறுக்கிவிட்டாள்.

"கூட்டிட்டுப் போங்க சார், தண்ணியைக் கண்டாத்தான் அவருக்குப் பேச்சே வரும்."