நூறு சதவீதம் வாங்கிய துடைப்பக்கட்டை

கல்லூரிக் கம்ப்யூட்டர் கூடத்தின் வாசலில் செருப்பு மலைபோல் குவிந்திருந்தது. உள்ளே யாரும் படிக்கவில்லை. படிப்பு தானாக ஏறிக்கொண்டிருந்தது.

மௌஸ் சாமியாரின் சுயகற்றல் கருவி அப்படி. அவர் ஆசி வழங்கிய மௌஸ்மீது கை வைத்துக் கண்ணை மூட வேண்டும். ஏழு நிமிடத்தில் திரையில் பச்சைக் கோடு நூறைத் தொடும். கம்ப்யூட்டர் அறிவு உள்ளங்கை வழியாக ஏறி, முழங்கையில் சற்று இளைப்பாறி, மூளைக்குப் போய்விடும். கைக்கடிகாரம் கட்டியவர்களுக்கு வழியில் கொஞ்சம் நெரிசலாம். பேராசிரியர்களும் வரிசையில் நின்றார்கள். பாவம், அவர்களுக்கும் கம்ப்யூட்டர் தெரியாதே.

கூடத்தின் உதவியாளன் வரிசையை எட்டிப் பார்த்தான். வரிசையில் அவன் தங்கையும் இருந்தாள். வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. இருமுறை கோட்டை விட்டவள். இந்த முறையும் போனால் கல்லூரியை விட்டே போக வேண்டும்.

"ஒன்பது நாளா பயிற்சி நோட்டைத் தொடலையே நீ?"

"எதுக்குண்ணா? ஒன்பது தடவை நூறு வாங்கியாச்சு."

"சரி, கம்ப்யூட்டர்ல இந்த மார்க் பட்டியலைப் பெரிசுலேர்ந்து சின்னதா அடுக்கு, பாப்போம்."

அவள் கண்ணை மூடினாள்.

"கண்ணைத் தொறந்து அடுக்குடி!"

"இருண்ணா, இன்னும் முழங்கையிலதான் இருக்கு."

அவன் மூலையில் கிடந்த துடைப்பக்கட்டையை எடுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தான். அதன் பிடியை மௌஸ்மீது சாய்த்தான்.

"நம்பிக்கை இல்லாம வெச்சா கோடு ஏறாது தம்பி," என்றார் சாமியார். நெற்றி வியர்த்திருந்தது.

"நம்பிக்கை இல்லாதது எனக்குத்தானே? துடைப்பத்தைக் கேட்டீங்களா?"

கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பத்து. நாற்பது. எண்பது. ஏழாவது நிமிடம் திரை பளிச்சிட்டது: 'வாழ்த்துகள்! நீங்கள் கணினி மேதை!'

அடுத்து துடைப்பத்தை இறக்கிவிட்டு, மௌஸையே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். காலி நாற்காலிக்கும் நூறு. கோட்டை ஏற்றியது ஆசி அல்ல, ஏழு நிமிடம்.

"அந்தத் துடைப்பம் எத்தனை நாளா பயிற்சி எடுக்குது?" என்று பக்தியோடு கேட்டார் ஒரு பேராசிரியர்.

திரும்பிப் பார்த்தால் சாமியாரைக் காணோம். வாசலில் இருந்ததிலேயே புதுச் செருப்பையும் காணோம்.

தங்கை நோட்டைப் பிரித்தாள். முதல் பாடம். தப்பு. மறுபடி தப்பு. நான்காம் முறை பட்டியல் ஒழுங்காக வரிசைப்பட்டு நின்றது. எந்தக் கோடும் ஏறவில்லை.

"அண்ணா, வந்துடுச்சு!" என்று கத்தினாள். கண் இரண்டும் திறந்திருந்தன.

மேதைப் பட்டம் வாங்கிய துடைப்பம் மறுநாளும் குப்பை தள்ளத்தான் போனது. அதற்குத் தலை கிடையாது. தலை இருந்தவர்கள் ஏன் ஐயா அந்த மௌஸுக்கு முன்னால் வரிசையில் நின்றீர்கள்?