காதும் காதும் வைத்த அறை

கல்லூரியை நம்பிப் பிழைக்கும் அந்தச் சிற்றூரில் ஒருவர் மருந்துக்கடைப் படி ஏறினால், இறங்குவதற்குள் அவருக்கு என்ன வியாதி என்று தெருவே முடிவு செய்துவிடும். இத்தகைய ஊரில், மனப்பதற்றத்தால் அவதியுறுவோர் பயனடையும் பொருட்டு, கல்லூரி நிர்வாகம் ஓர் ஆலோசகரை நியமித்து ஓர் அறையும் ஒதுக்கியது. முதல்வர் ரிப்பன் வெட்டினார். அலுவலகக் கண்காணிப்பாளர் ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஆலோசகர் மட்டும் அடுத்த வாரம்தான் வேலையில் சேருவதாக இருந்தது.

எல்லோரையும்விட மனதாரக் கைதட்டியவர் கணக்குப் பேராசிரியர். கொஞ்ச காலமாக வகுப்பறை வாசலை மிதித்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயைத் திறக்காமல் பொழுதை ஓட்ட அவர் கண்ட ஒரே வழி, முதலாண்டு மாணவர்களுக்குத் தினமும் தேர்வு வைப்பது. திங்கட்கிழமை முதல் பாடம் நடத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறோம் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

"ஏங்க, அதான் ஆள் போட்டிருக்காங்களே, போய்ப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

"யாராவது பாத்துட்டா?"

"பாத்தா என்ன? பல்லு வலிச்சா டாக்டர்கிட்ட போறதில்லையா?"

"பல்லு வலிக்குதுன்னு யாரும் புரமோஷனை நிறுத்த மாட்டாங்க."

இந்தக் கவலை அவருக்கு மட்டுமல்ல. புகார்கள் குவிந்தன. உடனே ரகசியப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டு, ஆழ்ந்து சிந்தித்தது. பெயர்ப்பலகை இருந்தால் உள்ளே போகிறவர் எதற்குப் போகிறார் என்று தெரிந்துவிடும். பலகை கழற்றப்பட்டது. வராந்தாவில் இருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். அறை, உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் கட்டடத்துக்குப் பின்னால் மாற்றப்பட்டது. வருகிறவரின் முகம் ஆலோசகருக்கேகூடத் தெரிவது முறையல்ல என்று பல்பு பிடுங்கப்பட்டு, ஜன்னலும் அடைக்கப்பட்டது. ஆலோசகர் யார் என்பதும் வெளியிடப்படவில்லை. கடைசியாக, அறை எங்கே என்று யார் கேட்டாலும் அப்படி ஒன்று இல்லை என்றே சொல்ல வேண்டும் எனக் காவலாளிக்கும் அலுவலகத்துக்கும் உத்தரவு போனது.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் மென்று விழுங்கியபடி கண்காணிப்பாளர் முன்னால் நின்றார்.

"சார், என் நண்பர் ஒருத்தர் கேக்கச் சொன்னார். அந்த ஆலோசனை அறை..."

"அப்படி ஒரு அறையே இல்லையே."

"திறப்பு விழாவுல நீங்கதானே சார் ரிப்பன் பிடிச்சீங்க?"

"ரிப்பன் பிடிச்சது வாஸ்தவம். அறை இல்ல."

மதிய இடைவேளையில் பேராசிரியர் தானே தேடிக் கிளம்பினார். பெஞ்சுக் குவியலில் முழங்காலை இடித்துக்கொண்டு, ஒரு கதவைத் தள்ளினார். உள்ளே கும்மிருட்டு. தடவித் தடவி ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். எதிரே யாரோ மூச்சு விடுவது கேட்டது.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. படபடப்பு, தூக்கமின்மை, பிள்ளைகள் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயம், எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில் அழுதேவிட்டார்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றது எதிர்க்குரல். "மேடையில ஏறினா காலெல்லாம் வெலவெலத்துப் போகுது."

குரலைப் பேராசிரியர் அடையாளம் கண்டுகொண்டார். "முதல்வர் சார்... அப்ப நீங்க ஆலோசகர் இல்லையா?"

"அவருக்காகத்தான் நானும் உக்காந்திருக்கேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "உங்களுக்கு முன்னாடி வந்தவன் நான்."

அது கண்காணிப்பாளர்.

"ஆலோசகர் வேலையில சேந்துட்டாரா இல்லையா?" என்று கேட்டார் முதல்வர்.

"தினமும் காலையில வாசல்ல வந்து நிக்கிறார் சார். அறை எங்கன்னு காவலாளியைக் கேக்குறார். அவன் அப்படி ஒண்ணு இல்லைன்னு திருப்பி அனுப்பிடறான்."

"விசுவாசமான ஆள்," என்றார் முதல்வர்.

மூவரும் மணி அடிக்கும்வரை பேசினார்கள். பேராசிரியருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது. இதைப்போல இன்னும் சில நாள் பேசக் கிடைத்தால் பிழைத்துக்கொள்வோம் என்று நினைத்தார். பிறகு ஒவ்வொருவராக, ஒருவரை ஒருவர் பார்க்காத பாவனையில், வெளியேறினார்கள்.

திங்கட்கிழமை காலை ஆசிரியர் கூட்டம் நடந்தது. முதல்வர் காகிதத்தை இறுக்கிப் பிடித்தபடி பேசினார். "மேற்படி அறைக்கு இதுவரை ஒருவர்கூட வந்ததாகத் தகவல் இல்லை. ஆகவே நமது கல்லூரியில் எவருக்கும் பதற்றம் இல்லை என்பது ஐயமற நிரூபணமாகிறது. அறையை மூடச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்."

கண்காணிப்பாளரின் கை முதலில் உயர்ந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பேராசிரியருக்குத் தெரியும். சொன்னால், உங்களுக்கு ஏன் அக்கறை என்று கேட்பார்கள். அவரும் கையைத் தூக்கினார். அது நடுங்கியது. சுற்றிலும் தூக்கிய கைகள் எல்லாமே நடுங்கின. ஆனால் அவரவர் தலை குனிந்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பாடம் நடத்தியே ஆக வேண்டிய அன்றும் பேராசிரியர் முதலாண்டுக்குத் தேர்வுதான் வைத்தார். வினாத்தாளைக் கண்டதும் மூச்சு முட்டி, பாதியில் எழுந்து வந்த ஒரு மாணவி காவலாளியிடம் போனாள்.

"அண்ணே, இங்க ஆலோசகர் அறை எங்க இருக்கு?"

"அப்படி ஒரு அறையே இல்லைம்மா," என்றார் காவலாளி.

இந்த முறை அவர் சொன்னது உண்மை.