நுரைச்சாமியின் இரண்டு சொம்புகள்

காணிப்பாக்கம் சாலையோர மாந்தோப்பில் நுரைச்சாமி எழுந்தருளியதிலிருந்து ஷேர் ஆட்டோக்களுக்கு யோகம்தான். கங்காதர நெல்லூரிலிருந்து நடந்து ஒரு கூட்டம், திருப்பதியிலிருந்து காரில் ஒரு கூட்டம். மலையேறி மொட்டை போட்டும் கழியாத பீடை இங்கே ஒரு சொம்புத் தண்ணீரில் கழிகிறதாம்!

தண்ணீரில் சாமி திருநீறு போடுவார். பெரிய பீடைக்குக் கை நிறைய, சின்னப் பீடைக்குச் சிட்டிகை. எலுமிச்சம்பழம் மட்டும் ஆளுக்கு ஒன்று. பிழிந்தால் நுரை பொங்கும்; பீடை கிளம்புகிறது. நுரை அடங்கினால் போய்விட்டது. என்ன சுலபம் பாருங்கள்!

அன்று விவசாயி கன்னையாவுக்குச் சிட்டிகைதான். கிணறு வற்றியதெல்லாம் சின்னப் பீடையாம். அடுத்து, வலிப்பு நோயுள்ள மகள் சந்தியாவோடு நகரியிலிருந்து வந்த ஷோபா. கூடவே அவள் நாத்தனார் தேவயானி, புத்தூர்ப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். குழந்தைக்குக் கை நிறையத் திருநீறு விழுந்தது. நுரை சொம்பைத் தாண்டி வழிந்தது. கூட்டம் கோவிந்தா போட்டது.

நுரை அடங்கியதும், "பூடுச்சி. இனிமே மாத்திரை வேணாம்" என்றார் சாமி. ஷோபா ஆனந்தக் கண்ணீரோடு மாத்திரை அட்டையை அவர் காலடியில் வைத்தாள்.

தேவயானி அதைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். இரண்டு சொம்பிலும் இனிப் பீடை இல்லையே என்று பணிவாகக் கேட்டாள். துளியும் இல்லை என்று சாமி சத்தியம் செய்தார். உடனே தேவயானி கன்னையாவின் சொம்பைத் தூக்கிச் சந்தியாவின் சொம்பில் ஊற்றினாள்.

புஸ்ஸென்று பொங்கிய நுரை சாமியின் மடி வரை போனது.

"ரெண்டு பீடையும் சண்ட போட்டுக்கினு கீது" என்றார் சாமி.

"இல்லாத பீடை எப்டி சாமி சண்ட போடும்?" என்றார் கன்னையா.

"இது திருநீறு இல்ல, சமையல் சோடா" என்றாள் தேவயானி. "சோடாவும் எலுமிச்சைப் புளிப்பும் மூணுக்கு ஒண்ணுன்னு கணக்கா சேரும். ஒண்ணு தீந்துட்டா நுரை நின்னுடும், இன்னொண்ணு மிஞ்சும். பாப்பா சொம்புல சோடா மிச்சம். இவரு சொம்புல புளிப்பு மிச்சம். மிச்சம் ரெண்டும் இப்ப சேந்துக்கிச்சி."

அவ்வளவுதான். கூட்டம் சொம்புக்குச் சொம்பு மாற்றி ஊற்றிக்கொண்டது. தோப்பெல்லாம் நுரை, சிரிப்பு. அந்தக் கும்மாளத்தில் சாமி வேட்டியை மடித்துக் கட்டி ஓடி, ஆட்டோவின் பின்கம்பியில் தொற்றிக்கொண்டார்.

ஷோபா மட்டும் சிரிக்கவில்லை. நாத்தனாரிடமிருந்து அட்டையை வாங்கி, அந்த வேளை மாத்திரையைப் பிரித்து மகள் வாயில் போட்டாள்.

மறுநாளும் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து, சாமி எந்த ஊருக்குப் போயிருக்கிறார் என்று விசாரித்தார்களாம். ஐயா, யோசிப்பதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை, ராகுகாலத்திலும் யோசிக்கலாம்.