கண்ணாடிப் பெட்டியும் கீரி பாம்புச் சண்டையும்

சத்தியம் செய்கிறேன். உரக்கவே செய்கிறேன், அடுத்த தெருவுக்கும் கேட்கட்டும். இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல்செட்டு நாளைக்குக் கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குள் விழட்டும். அப்படியே விழுந்தாலும் அது பாயசத்தின் குற்றமே தவிர கதையின் குற்றமில்லை.

ஒரு காட்டில் ஒச்சப்பன் என்றொரு கீரி இருந்தான். பாறைக்கடியில் ஒரு பொந்துதான் அவன் வீடு. சித்திரையில் அது வீடு, ஐப்பசியில் அது கிணறு. போன மழைக்கு அவனுடைய ஆத்தா கழுத்தளவு தண்ணீரில் நின்றபடியே தூங்கினாள். காட்டில் நனையாத இடம் வேங்கைமரத்தடிப் பெரிய புற்று ஒன்றுதான். அதில் குடியிருந்தது நல்லமுத்து என்கிற நல்லபாம்பு.

பழைய காலமாக இருந்தால் ஒச்சப்பன் நேரே போய்க் கழுத்தைக் கவ்வியிருப்பான். ஆனால் தலைவர் யானை புதுச் சட்டம் போட்டிருந்தார்.

"காட்டில் இனி ரத்தம் சிந்தக் கூடாது, பிள்ளைகள் பார்க்கிறார்கள். பகை இருந்தால் கம்ப்யூட்டரில் ஆடித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் இருவருக்கும் ஆலமரத்திடலில் ஆட்டம். ஜெயித்தவருக்குப் புற்று, தோற்றவருக்குக் காட்டை விட்டு ஊர்ப்பயணம்."

நல்லமுத்துவிடம் பெரிய கம்ப்யூட்டர் இருப்பதாகக் காடே பேசிக்கொண்டது. புற்றின் ஓட்டையெல்லாம் சிவப்பும் நீலமுமாக மின்னுகிறதாம். ஒச்சப்பனிடம் இருந்ததெல்லாம் ஒரு குடம் மலைத்தேன். அதை எடுக்கப் போய் வீங்கிய மூக்கு இன்னும் வற்றியிருக்கவில்லை.

யோசனை கேட்கத் தேவாங்கு பவளக்கண்ணுவிடம் போனான். கம்ப்யூட்டர் விமர்சனங்களைப் பார்த்துப் பார்த்தே கண் அந்த அளவுக்கு ஊதிப்போனவர் அவர்.

"பட்ஜெட் என்ன தம்பி?"

"ஒரு குடம் தேன்ணே."

பவளக்கண்ணு நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தார். அதற்குள் பக்கத்துக் கொடியில் ஒரு பூ காயாகிவிட்டது.

"ஒரு குடத்துக்குத் தாராளமா போடலாம். ப்ராசசர்ங்கிறது மூளை. கிராபிக்ஸ் கார்டுங்கிறது கண்ணு. பவர் சப்ளை வயிறு. மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். எறும்பு மூளைக்கு யானைக் கண்ணு வச்சா, பார்த்தது என்னன்னு புரியறதுக்குள்ள பாம்பு உன்னை முழுங்கி ஏப்பம் விட்ருக்கும். பாதிக் குடத்தைக் கண்ணுக்கு ஒதுக்கிடு. உசுரே போனாலும் அதுல கை வைக்காதே."

"சரிண்ணே."

"ஆனா கூட ஒரு சொம்பு போட்டேன்னு வையி, அதுக்கு மேல உள்ள கார்டே வந்துரும்."

"அப்படியா!"

"அந்தச் சொம்போட இன்னொரு சொம்பு போட்டேன்னு வையி…"

சொம்பு சொம்பாக ஏறி, பொழுது சாயும்போது கணக்கு மூன்று மலையின் தேனில் வந்து நின்றது.

"அண்ணே, என்கிட்ட ஒரு குடம்தாண்ணே இருக்கு."

"அதானே சொல்றேன். ஒரு குடத்துக்குத் தாராளமா போடலாம்."

"உங்க கம்ப்யூட்டர்ல என்ன கார்டு போட்டிருக்கீங்க?"

"நான் எங்கப்பா வாங்கினேன்? விலை இறங்கட்டும்னு பார்த்துக்கிட்டிருக்கேன். எங்க தாத்தா காலத்துலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கோம்."

"கண்ணுக்குப் பாதி, கண்ணுக்குப் பாதி" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஒச்சப்பன் கடைக்குப் போனான். காட்டில் ஒரே கடை, முள்ளம்பன்றி அண்ணாச்சி கடை. பேரம் பேச அவர் பக்கத்தில் யாரும் போக முடியாது.

"கண்ணு வேணும் அண்ணாச்சி. பாதிக் குடத்துக்கு." கறாராகத்தான் ஆரம்பித்தான். ஆனால் சொல்லும்போதே அவன் பார்வை மூலையில் நின்ற பெட்டிக்குப் போய்விட்டது. பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே விளக்குகள் சிவப்பாகி, ஊதாவாகி, கிளிப்பச்சையாகி, தேர்த் திருவிழாவை மடித்து உள்ளே வைத்த மாதிரி சுற்றின.

"அது என்ன அண்ணாச்சி?"

"அது வெறும் பெட்டி. உங்களுக்கு வேணாம் தம்பி."

"ஏன் வேணாம்?"

"அதெல்லாம் பெரிய ஆட்டக்காரங்க வாங்குறது. போன வாரம்கூட ஒருத்தர் ஊர்ந்து வந்து… சரி விடுங்க, வியாபார ரகசியம்."

ஒச்சப்பனுக்கு வாலில் மயிர் குத்திட்டு நின்றது. "இந்த விளக்கு எரிஞ்சா ஆட்டம் வேகமா ஓடுமா?"

"ஓடுதோ இல்லையோ, ஓடுற மாதிரியே இருக்கும்."

பெட்டி வாங்கினான். பெட்டி மின்னும்போது கீபோர்டு மின்னாமல் இருந்தால் ஊர் சிரிக்கும் என்று மின்னுகிற கீபோர்டு வாங்கினான். காற்றாடிகள் வாங்கினான். ஒரு பெரிய திரை வாங்கினான். பந்தயக்காரர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றும் வாங்கினான். அதில் ஏறி உட்கார்ந்தால் கீரி இருப்பதே வெளியே தெரியாது. இத்தனைக்கும் தீனி போட ஒரு பவர் சப்ளை வாங்கினான். அப்புறம் குடத்தைத் தட்டினான். 'டொய்ங்' என்றது.

"அண்ணாச்சி! கண்ணு?"

"இப்பப் போய்க் கிராபிக்ஸ் கார்டு வாங்குவாங்களா தம்பி? அடுத்த வாரம் விலை இறங்குது."

"மூளையாவது…"

"கண்ணே இல்லாம மூளை எதுக்கு?"

சரியான கேள்வியாகத்தான் பட்டது. பெட்டியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஆத்தா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்குள்ள என்னடா இருக்கு?"

"காத்து வந்து போகுதுத்தா."

"அது நம்ம பொந்துலயுந்தான் வந்து போகுது."

அப்போதுதான் ஒச்சப்பனுக்கு உறைத்தது. ஆட்டத்தன்று திரையில் ஒன்றும் வராது. யானை தும்பிக்கையைத் தூக்கித் தோல்வி என்பார். ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு மழையில் ஊர் ஊராகப் போக வேண்டியதுதான். ஆத்தா உள்ளே காலியாகக் கிடப்பது வெளியே தெரியாதபடி கண்ணாடி முழுக்கச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி மாலை ஒன்றைத் தொங்கவிட்டாள்.

ஆட்டத்தன்று திடலில் ஈ நுழைய இடமில்லை. ஈக்களே வந்து சொன்னார்கள். காட்டில் மின்சாரம் ஏது என்று கேட்கிறவர்களுக்கு: ஓடையில் ஒரு மின்விலாங்கு வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்திருந்தது. முள்ளம்பன்றி அண்ணாச்சி துண்டை விரித்துவிட்டு உடுக்கையை அடித்தார்.

"கூட்டம் கூட்டமா வந்திருக்கிற மகாசனங்களே! கீரிக்கும் பாம்புக்கும் சண்டை! இதோ இப்ப! பாதியில எந்திரிச்சுப் போறவன் ரத்தங்கக்கிச் சாவான்! பார்க்கிற கண்ணுக்குப் பலன் வேணும்னா துண்டுல ஏதாச்சும் விழணும்!"

நல்லமுத்து வந்தார். அவர் பெட்டியும் மின்னியது. அதற்கும் கண்ணாடி தெரியாமல் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் யானை.

நாற்காலியின் ஆழத்திலிருந்து ஒச்சப்பனின் குரல் மட்டும் வந்தது. "ஐயா, அப்டேட் ஆகுது."

கூட்டம் முணுமுணுத்தது. பாம்பு இப்போது சீறும், 'ஏமாற்று வேலை' என்று கத்தும் என்று ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாவம், ஆகட்டும்" என்றார் பாம்பு. "எனக்குமே அப்டேட்தான் ஆகுது."

ஒரு கண்ணைத் திறந்தான் ஒச்சப்பன். கீரிக்குப் பாவம் பார்க்கிற பாம்பா?

"எத்தனை சதவீதம்?" என்று கரடி கத்தியது.

"தொண்ணூத்தொம்பது!" என்றான் ஒச்சப்பன்.

"எனக்கும் தொண்ணூத்தொம்பது!" என்றார் பாம்பு.

கூட்டம் துள்ளியது. மான்கள் மயங்கி விழுந்தன. தொண்ணூற்றொன்பதில் நின்ற சண்டையைப் போல விறுவிறுப்பான சண்டையை அந்தக் காடு கண்டதில்லை. துண்டில் பலாச்சுளையும் தேனடையும் விழுந்தபடி இருந்தன.

வயர் பார்க்கிற சாக்கில் ஒச்சப்பன் பின்பக்கம் போனான். அங்கே நல்லமுத்துவும் வயர் பார்த்துக்கொண்டிருந்தார். தோரணம் விலகியிருந்தது. பெட்டிக்குள் மூன்று காற்றாடிகள் மட்டும் வெட்டவெளியில் சுற்றின.

"உமக்கும் கண்ணு இல்லையா?"

"இல்லப்பா. ஒரு மழைக்காலத்துத் தவளையைப் பூரா கொடுத்தேன். பெட்டி கொடுத்தான், விளக்கு கொடுத்தான், கையுறை வேற கொடுத்தான். எனக்கு எங்கப்பா கை? நாற்காலியில உட்கார்ந்தா வழுக்கி வழுக்கி விழறேன்." நல்லமுத்து தோரணத்தை இழுத்துவிட்டார். "கார்டு அடுத்த வாரம்னான். தோத்தா இந்த மழையில நான் எங்க போவேன்?"

"நான் மட்டும் எங்க போவேன்? ஆத்தா வேற இருக்கு."

"ரெண்டு பேரும் எதுக்குப் போகணும்?"

திரும்பினால் அண்ணாச்சி, துண்டை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேருக்கும் வித்தவன் நான். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? மூணு பங்கு. என்ன சொல்றீங்க?"

கீரி பாம்பைப் பார்த்தான். பாம்பு கீரியைப் பார்த்தார். இருவரும் மூட்டையைப் பார்த்தார்கள்.

அன்று பொழுது சாய்ந்ததும் அண்ணாச்சி உடுக்கையை அடித்தார். "இன்னைக்குத் தொண்ணூத்தொம்பது! நாளைக்குச் சண்டை! இதோ, விட்டுர்றேன் பாருங்க!" சண்டை முடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் கண்காணிக்க வேண்டும் என்று யானையிடம் மனுப் போட்டு, ஒச்சப்பனும் ஆத்தாவும் புற்றின் மேல்மாடிக்குக் குடிபோனார்கள். ஐப்பசி பிறந்தது. மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஆத்தா முதல்முறையாகப் படுத்துத் தூங்கினாள்.

தினமும் கூட்டம். தினமும் தொண்ணூற்றொன்பது. ரத்தம் கக்கப் பயந்து யாரும் எழுந்து போவதில்லை. தை பிறந்தபோது புற்றுக்குள் தேன்குடம் வைக்க இடமில்லை.

ஒருநாள் பவளக்கண்ணு மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தார். "தம்பி! விலை இறங்கிடுச்சு! கிராபிக்ஸ் கார்டு அரைக்குடம்தான்! ஓடு, வாங்கு!"

ஒச்சப்பனும் நல்லமுத்துவும் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினார்கள். நல்லமுத்து வாலால் பொத்தினார்.

"மெதுவாப் பேசுண்ணே!" என்றான் ஒச்சப்பன். "அதை வாங்கித் தொலைச்சா சண்டை போட வேண்டியதாயிடுமே!"

நம் சந்தைகளில் வித்தைக்காரர்கள் கீரியையும் பாம்பையும் வைத்துக்கொண்டு கடைசிவரை சண்டைக்கு விடாமலே இருந்தார்களே, அந்தத் தொழில் இந்தப் புற்றிலிருந்து போனதுதான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அது எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கேட்பவன் ரத்தங்கக்குவான்.

நீதி: சிக்கனமாகக் கம்ப்யூட்டர் வாங்குவோர் முதலில் விளக்கை வாங்குக, கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் ஆட வேண்டிவரும், ஆடினால் தோற்க வேண்டிவரும்.

யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். முள்ளம்பன்றி அண்ணாச்சியிடம் நானும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன்.