நாலு குழாயும் ஒரு இஞ்ச் கூடுதலும்

என் அன்பு மனைவிக்கு,

உன் டெய்லர் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தையல் மெஷினும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்துக்கும், கம்பெனியில் நீ ஓட்டிப் பார்க்கும் கார்களின் சௌக்கியத்துக்கும் எழுதவும். நம் வீட்டுப் பந்தயக் காருக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

"எஞ்சின் புகை போகிற ஹெட்டர் குழாயை நீங்களே முடிவு பண்ணி மாட்டிடுங்க. அது முடிஞ்சுட்டா நான் லீவுக்கு வர வேண்டியதில்லை, பந்தயத்தன்னைக்கு நேரா வந்துடுறேன்" என்று எழுதியிருந்தாய். நானும் வீராப்பாக ஒர்க்ஷாப்புக்குப் போனேன். "நாலு குழாயும் நேரா ஒண்ணுல சேரணுமா, ரெண்டு ரெண்டா சேர்ந்து அப்புறம் ஒண்ணாகணுமா? முதலாவது நேர் ரோட்டுல பறக்கும். ரெண்டாவது வளைவுலேர்ந்து கிளம்புறப்ப நல்லா இழுக்கும்" என்றார் மெக்கானிக். எனக்குத் தெரிந்தது கால்சட்டை, அதில் குழாயே ரெண்டுதான். "சரி, அளவாவது எடுத்துக் குடுங்கண்ணே" என்றார். விடுவேனா? கழுத்தில் கிடந்த டேப்பை உருவி நாலுக்கும் அளவெடுத்துவிட்டேன். கைப்பழக்கம் பாரு, உள்ளே மடிச்சுத் தைக்க ஒவ்வொண்ணுலயும் ஒரு இஞ்ச் கூட விட்டுட்டேன்! அவரும் நம்பி வெட்டிட்டார். மாட்டிப் பார்த்தா, குழாய் ஸ்டியரிங் தண்டுல இடிக்குது, வண்டி இடது பக்கம் மட்டும் திரும்புது. "துவைச்சா சுருங்குறதுக்கு இது என்ன துணியாண்ணே?"ன்னு தலையில கை வச்சு உட்கார்ந்துட்டார்.

இப்ப நாலையும் எப்படிச் சேர்க்கிறதுன்னே குழப்பம். பந்தயப் பாதையில நேர் ரோடும் இருக்கு, வளைவும் இருக்கு. காலையில ஒண்ணு சொல்றேன், சாயங்காலம் இன்னொண்ணு சொல்றேன். என்னைக் கண்டாலே மெக்கானிக் காருக்கு அடியில போய்ப் படுத்துக்கிறார். நீ லீவுல வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஆச்சு. வண்டிக்காகத்தான் கூப்பிடுறேன், எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ போனதுலேர்ந்து கதவுப் பிடியில கிரீஸ் கறை கிடையாது, வீடு அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தைத்தான் பார்க்கச் சகிக்கல. சமைக்கிறப்ப கை தானா ரெண்டு பேருக்குப் போட்டுடுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஹெல்மெட் பட்டையை இறுக்கிப் போடு. உன்னுடன் வேலை செய்பவர்களை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
முடிவெடுக்கத் தெரியாத உன் வீட்டுக்காரன்

பி.கு.: குழாய் போன வாரமே மாட்டியாகிவிட்டது. பாதையில் வளைவுதான் அதிகம் என்று ரெண்டாவதை நானே சொன்னேன், கூடுதல் இஞ்சை மெக்கானிக் வெட்டி எறிந்துவிட்டார். ஓட்டியும் பார்த்தேன், அருமையாக இழுக்கிறது. நீ லீவுக்கு வர ஒரு காரணமும் மிச்சமில்லை. இருந்தாலும் வாயேன்.